மர இயர்போனில் மரம் எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள்

“கர்நாடக இசையும் கானாவும் விரும்பிக் கேட்பவன் நான். மரத்தால் செய்த இன்-இயர் இயர்போன் வாங்கலாம் என்று நினைக்கிறேன். மரம் என்பதால் ஒலி உண்மையிலேயே மாறுமா, அல்லது அது பார்வைக்கு மட்டும்தானா? பயன்படுத்தியவர்கள் சொல்லுங்கள்” என்பது கேள்வி.

மரம் வெளிக்கூட்டில் மட்டும் இருந்தால், காதுக்கு எட்டும் மாற்றம் மிகச் சிறியது. ஒலியை எழுப்பும் டயஃப்ரம், அதாவது உள்ளே அதிரும் அந்தச் சவ்வே மரமாக இருந்தால், மாற்றம் நிச்சயம் உண்டு. இதை நான் இரண்டு ஆண்டுகளில் மூன்று ஜோடிகளைக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஒன்று கடையில் வாங்கியது, மற்றொன்று நண்பர் ஒருவரிடம் இரவலாகப் பெற்றது, மூன்றாவது என் அப்பா கடைந்து கொடுத்த கூட்டில் நானே டிரைவரை, அதாவது டயஃப்ரத்தை அசைத்து ஒலி எழுப்பும் சிறு உறுப்பை, பொருத்திக்கொண்டது.

முதல் ஜோடியின் பெட்டியில் ‘ஈட்டி மரம்’ என்று அச்சிட்டிருந்தார்கள். விலை 1,800 ரூபாய். சென்னைத் தண்டையார்பேட்டையிலிருந்து அலுவலகத்துக்கு மெட்ரோவில் போகும்போதும் வரும்போதும் மூன்று வாரம் அதில்தான் பாட்டுக் கேட்டேன். ஒலியில் ஓர் இதம் இருப்பதாக, வீணையின் மந்தர ஸ்தாயி, அதாவது தாழ்ந்த சுரங்களின் பகுதி, கூடுதல் நிறைவோடு வருவதாக, மனமாரவே உணர்ந்தேன். பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்பா அதைக் கையில் எடுத்தார். சூளைப் பக்கத்துக் கடைசல் பட்டறையில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கட்டில் கால்களும் மாடிப்படித் தூண்களும் கடைந்தவர் அவர். சன்னல் வெளிச்சத்தில் இரண்டு கூடுகளையும் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டிப் பார்த்தவர், “ரெண்டு பக்கமும் ரேகை ஒரே மாதிரி ஓடுதேடா, மரம் எங்கடா அப்படி ஓடும்?” என்றார். இடப்பக்கக் கூட்டில் ஒரு கருங்கோடு எந்த இடத்தில் வளைந்ததோ, வலப்பக்கத்திலும் அதே இடத்தில் அதே அளவு வளைந்திருந்தது. விளிம்பை நகத்தால் கீறியபோது மெல்லிய படலம் ஒன்று உரிந்து வந்தது. அடியில் பழுப்பு நிறப் பிளாஸ்டிக் இருந்தது.

இதை ஏமாந்த கதையாக மட்டும் சொல்லவில்லை. அந்த மூன்று வாரமும் நான் கேட்ட இதம் பொய்யன்று, நான் அதைக் கேட்கத்தான் செய்தேன்; ஆனால் அதைக் கொடுத்தது மரமாக இருக்க முடியாது, ஏனென்றால் அங்கே மரமே இல்லை. கண் முன்னதாக ஒன்றைச் சொல்லிவிட்டால் காது அதை ஒத்துக்கொண்டுவிடுகிறது என்பதை அன்று புரிந்துகொண்ட பிறகு, இயர்போனைப் பற்றி யார் என்ன சொன்னாலும், நானே சொன்னாலும், கண்ணை மூடிக்கொண்டு ஒருமுறை சரிபார்க்காமல் ஏற்பதில்லை.

மரம் நல்ல ஒலி தரும் என்ற பெயர் ஏன் வந்தது என்பது நம் ஊர்க்காரர்களுக்கு எளிதில் விளங்கும். வீணையும் மிருதங்கமும் தவிலும் பலா மரத்தில் செய்யப்படுகின்றன. நரசிங்கம்பேட்டை நாகஸ்வரத்துக்குப் பழைய வீடுகளிலிருந்து எடுத்த, பல பத்தாண்டுகள் காய்ந்த ஆச்சா மரத்தைத் தேடிப் பிடிக்கிறார்கள். ஆகவே மரம் என்றாலே நல்ல நாதம் என்ற எண்ணம் நமக்குள் ஊறியிருக்கிறது. ஆனால் வீணையின் குடம் தந்தியின் அதிர்வை வாங்கிக்கொண்டு தானும் அதிர்ந்து காற்றை அசைக்க வேண்டிய உறுப்பு. இயர்போனின் கூடோ அதிரக் கூடாத உறுப்பு. கூடு தன் பங்குக்கு ஒலிக்கத் தொடங்கினால், பதிவில் இல்லாத ஒன்று பாட்டோடு சேர்ந்துவிடும். அளவையும் பாருங்கள்: 1,000 ஹெர்ட்ஸ் ஒலியின் அலைநீளம் காற்றில் ஏறக்குறைய 34 சென்டிமீட்டர், கூட்டின் உள்வெளியோ ஒரு சென்டிமீட்டர் அளவுதான். இரண்டு மில்லிமீட்டர் தடிமனுள்ள அத்தனை சிறிய சுவர், அது பலாவோ தேக்கோ, பாட்டின் பெரும்பகுதியில் தன் குரலைக் காட்ட வழியே இல்லை.

இதைச் சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசையில்தான் மூன்றாவது ஜோடி பிறந்தது. ரிச்சி தெருவில் 10 மில்லிமீட்டர் டிரைவர்கள் ஒரு பொட்டலம் வாங்கி, ஒரே அளவு சத்தம் தருபவற்றை இணை சேர்த்து வைத்துக்கொண்டேன். அப்பா வைரம் பாய்ந்த பலாக் கட்டையில் ஒரு ஜோடி, தேக்கில் ஒரு ஜோடி, ஒரே அளவில் கடைந்து கொடுத்தார். அவர் வாழ்நாளில் கடைந்தவற்றிலேயே இவைதான் மிகச் சிறியவை என்பதால், கூர் தீட்டிய மெல்லிய உளியை வைத்துக்கொண்டு மூச்சைப் பிடித்தபடி குடைந்தார். உப்புத்தாளைச் சுருட்டி உட்புறத்தையும் தேய்த்துக் கொடுத்தார். காதுக்குள் போகும் முனைக்குப் பித்தளைக் குழாய்த் துண்டு.

முதலில் பின்புறத்தை முழுவதும் அடைத்துப் பொருத்திக் கேட்டேன். பலா, தேக்கு இரண்டுமே வறண்டு ஒலித்தன. மிருதங்கத்தில் தொப்பி, அதாவது தாழ்ந்த நாதம் தரும் இடப்பக்கம், இருப்பதே தெரியவில்லை. கூட்டுக்குள் சிறைப்பட்ட காற்று ஒரு ஸ்பிரிங் போல டயஃப்ரத்தைப் பின்னின்று பிடித்துக்கொள்வதால் அது தாழ்ந்த ஒலிகளுக்குத் தேவையான தூரம் அசைவதில்லை. பிறகு பின்பக்கத்தில் ஒரு மில்லிமீட்டர் துளை போட்டேன். தாழ்ந்த ஒலி பொங்கி வந்து பாடகரின் குரலையே மூடியது. தொப்பியின் நடுவே பூசும் ரவைப் பசையை அளவுக்கு மேல் அப்பிவிட்டால் எப்படிக் கொழகொழவென்று ஒலிக்குமோ அப்படி. கடைசியில், மருந்துக் கடையில் விற்கும் காகிதப் பிளாஸ்திரியைச் சிறு துண்டாக வெட்டி அந்தத் துளையின் மேல் ஒட்டினேன். காற்று கசிந்தும் கசியாமலும் போகும்படி அது தடுத்தது. தொப்பியைக் கையால் அழுத்தி வளைக்கும் நாதமான கும்கி எழும்பி இறங்குவது விரலைத் தொட்டுப் பார்ப்பது போலத் தெளிவாக வந்தது. மூன்று கட்டத்திலும் மரம் ஒன்றுதான். மாறியது துளை மட்டும். அந்த மாற்றமோ இரண்டு வெவ்வேறு விலை இயர்போன்களுக்கு இடையே இருக்கும் அளவுக்குப் பெரிது.

இதற்குப் பிறகுதான் பலாவையும் தேக்கையும் ஒப்பிட்டேன். இரண்டிலும் ஒரே அளவு துளை, ஒரே பிளாஸ்திரி, முனையில் மாட்டும் ஒரே ரப்பர். நான் கண்ணைக் கட்டிக்கொண்டு உட்கார, தம்பி மாற்றி மாற்றிக் காதில் பொருத்தினான். எது பலா, எது தேக்கு என்று நான் சொன்னதில் பாதிதான் சரி. கண்ணை மூடிக்கொண்டு பூவா தலையா போட்டாலும் அவ்வளவு சரியாக வந்திருக்கும். இப்படிச் சோதிப்பவர்கள் ஒலியளவைச் சமமாக வைத்துக்கொள்ளுங்கள்; இம்மி அளவு சத்தம் கூடிய பக்கமே நல்லது என்று காது தீர்ப்புச் சொல்லிவிடும்.

எதைக் கேட்டுச் சோதித்தேன் என்பதையும் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் மிருதங்க வகுப்பு நடக்கும் வீடு ஒன்று இருக்கிறது. அங்கே அனுமதி கேட்டு, நான் எதிரில் உட்கார்ந்திருக்கும்போதே பதிவு செய்த பத்து நிமிடம்தான் என் அளவுகோல். நேரில் கேட்ட ஒலி நினைவில் இருப்பதால் எது கூடியது, எது குறைந்தது என்று சொல்ல முடிகிறது. மிருதங்கத்தைத் தேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. மிருதங்கத்தின் வலப்பக்கமான வலந்தலையின் நடுவே இருக்கும் கரணை என்ற கரும்பூச்சு, தோலின் மேலதிர்வுகளை அடிநாதத்தின் முழு மடங்குகளாக இழுத்து நிறுத்துகிறது. அதனால்தான் மற்றப் பல தோற்கருவிகளைப் போலன்றி மிருதங்கத்துக்குச் சுருதி இருக்கிறது. சி.வி. ராமன் தம் உடன் ஆய்வாளரோடு சேர்ந்து 1920-இலேயே இதை நேச்சர் இதழில் எழுதினார். ஆகவே, ‘சாபு’ என்ற வலந்தலை அடியில் சுருதி தெளிவாகக் கேட்கிறதா, அல்லது ‘டப்’ என்ற தட்டல் மட்டும் கேட்கிறதா என்று பார்த்தாலே, ஒரு இயர்போன் நடுவிலும் மேலேயும் எதையாவது விழுங்குகிறதா என்பது தெரிந்துவிடும்.

இரண்டாவது சோதனை நாகஸ்வரம். திருவொற்றியூர்க் கோயில் உற்சவங்களில் அருகில் நின்று கேட்டு வளர்ந்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: நேரில் அது எவ்வளவு உரத்து ஒலித்தாலும் காதைக் குத்துவதில்லை, ஆனால் பல இயர்போன்களில் குத்துகிறது. நம் காதுத் துளை ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் நீளக் குழாய் என்பதால், திறந்திருக்கும்போது 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய ஒலிகளைத் தானே பெருக்கிக்கொள்கிறது. இயர்போன் அந்தத் துளையை அடைத்துவிடுவதால், இழந்த அந்தப் பெருக்கத்தைத் தயாரிப்பவர் டிரைவரிலேயே ஈடுகட்ட வேண்டியிருக்கிறது. அதை அளவு மீறிச் செய்தால் நாகஸ்வரம் ஊசியாகிவிடும், குறைத்துவிட்டால் போர்வைக்குள்ளிருந்து வாசிப்பது போலாகிவிடும். நான் பொருத்திய பலாக் கூடு இந்தச் சோதனையில் தேறவில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த மலிவு டிரைவரின் கூர்மையை எந்த மரத்தாலும் தணிக்க முடியவில்லை.

இனி, நண்பரிடம் இரவல் வாங்கியது. அதில் டயஃப்ரமே மரம். இந்த வழியைத் திறந்தது ஜப்பானின் ஜேவிசி நிறுவனம். பிர்ச் மரத்தை மெல்லிய தாளாகச் சீவி, கூம்பாக வளைக்கும்போது அது விரிசல் விட்டதால், ஜப்பானிய அரிசி மதுவான சாக்கேயில் ஊறவைத்து இளக்கி, 2003-இல் மரக் கூம்பு ஒலிபெருக்கியைக் கொண்டுவந்தார்கள். 2008-இல் அதே எண்ணத்தை இயர்போனுக்குள் சுருக்கினார்கள். அதில் மரம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குகூடத் தடிமன் இல்லாத சிறு குமிழ் வடிவச் சவ்வு. ரேகை ஓடும் திசையில் மரத்தில் ஒலி விரைந்து செல்கிறது, குறுக்கே மெதுவாகச் செல்கிறது. மேலும் மரம் தன்னுள் எழும் அதிர்வைத் தானே சீக்கிரம் அடக்கிக்கொள்ளும். விறைப்பு, எடைக் குறைவு, அடக்கம் மூன்றும் டயஃப்ரத்துக்கு வேண்டிய குணங்களே என்பதால், மரத்துக்கு இங்கே உண்மையான வேலை இருக்கிறது.

அந்த வகை ஜோடி ஒன்றை நான்கு நாட்கள் வைத்திருந்தேன். முதலில் என்னைத் தொட்டது வீணை மீட்டு: தந்தியில் விரல் படும் அந்தக் கணம், பிறகு நாதம் மலர்வது, பிறகு தேய்வது என மூன்றும் தனித்தனியாகத் தெரிந்தன, தேய்வில் கரகரப்பே இல்லை. மிருதங்கத்தின் தொப்பி சற்றுப் பருமனாகவே வந்தது, ஆனால் அடுத்த அடிக்குள் அடங்கிவிட்டது. கானாவில், எங்கள் பகுதியில் இரவு முழுவதும் துக்க வீட்டு வாசலில் பாடுவார்களே, அந்த வகைப் பதிவு ஒன்றைக் கேட்டேன். மைக் இல்லாமல் அடித்தொண்டையிலிருந்து எழும் குரல், ஓரங்கள் மழுங்காமல், நெஞ்சுக் கனத்தோடு வந்தது. டோலக்கின் இடப்பக்கம் குரலின் மேல் ஏறி உட்காரவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டபோதும் என் பலாக் கூட்டிலிருந்து இதைப் பிரித்துச் சொல்வதில் ஒருமுறைகூடத் தவறவில்லை. ஆயினும் அந்த வேறுபாடு முழுவதையும் மரத்தின் கணக்கில் எழுத நான் தயாரில்லை; டிரைவரும் துளைகளும் முனையும் எல்லாமே வேறு, பல ஆண்டு உழைப்பும் அதற்குப் பின்னால் இருக்கிறது.

மரக்கூட்டுக்குப் பயனே இல்லையா என்றால், எனக்கு இரண்டு பயன்கள் தெரிந்தன. குளிரூட்டிய மெட்ரோ ரயில் பெட்டியில் உலோகக் கூடு காதில் சில்லென்று உறுத்தும், மரம் உறுத்தாது. எடையும் குறைவு, ஆதலால் காதைவிட்டு நழுவாது. நழுவாமல் இருப்பது ஒலிக்கும் நல்லது, ஏனென்றால் ரப்பருக்கும் காதுக்கும் இடையே ஒரு மயிரிழை இடைவெளி விழுந்தாலே தாழ்ந்த ஒலி போய்விடும். தண்டையார்பேட்டை வரை மெட்ரோ சுரங்கத்துக்குள் ஓடும்போது எழும் இரைச்சல் முழுக்கத் தாழ்ந்த ஒலிதான். பொருந்தாத ரப்பரோடு அங்கே தொப்பியைக் கேட்க முயல்வது வீண்.

நம் கடலோரக் காற்றை மட்டும் மறந்துவிடாதீர்கள். பகலெல்லாம் குளிரூட்டிய அறையில் காய்ந்து, மாலையில் காசிமேட்டுக் காற்றில் ஈரம் குடித்து, வியர்வையிலும் நனைந்த என் பலாக் கூடு ஐந்தாம் மாதத்தில் இடப்பக்கம் தாழ்ந்த ஒலியை இழந்தது. டிரைவர் போய்விட்டது என்றே நினைத்தேன். அப்பா பித்தளை முனையைச் சுற்றி நகத்தை ஓட்டி, பசை விட்டுப்போன இடத்தைக் காட்டினார். மரம் நீளவாக்கில் அவ்வளவாகச் சுருங்காது, குறுக்குவாக்கில் சுருங்கும். பித்தளை இரண்டிலும் சுருங்காது. நடுவில் இருந்த பசைதான் பாவம். மறுபடி ஒட்டி, உள்ளும் புறமும் அரக்குப் பாலிஷ் இரண்டு பூச்சுக் கொடுத்தார். அதன் பிறகு இரண்டு மழைக்காலம் தாங்கியிருக்கிறது. வெளியே மட்டும் மெருகேற்றி உள்ளே பச்சையாக விட்டிருக்கும் கூடுகளை நம் ஊரில் வாங்க வேண்டாம் என்பது அவர் கருத்து, எனதும் அதுவே.

நீங்கள் வாங்கப் போகும்போது, பெட்டியில் மரம் என்று மட்டும் எழுதியிருந்தால் கூடு என்றே எடுத்துக்கொள்ளுங்கள். டயஃப்ரம் மரமாக இருந்தால் அதை எந்தத் தயாரிப்பாளரும் சொல்லாமல் விடமாட்டார். இரண்டு கூடுகளின் ரேகையையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். பக்கவாட்டில் கோடாக ஓடும் ரேகை வெட்டுமுகத்தில் புள்ளியாகவோ வளையமாகவோ முடிகிறதா என்றும் பாருங்கள். நேரில் கேட்டுப் பழகிய ஏதாவது ஒரு வாத்தியத்தின் பதிவைக் கைபேசியில் கொண்டுபோய், கடையில் தரும் மூன்று அளவு ரப்பரையும் மாற்றிப் போட்டுக் கேட்ட பிறகு விலையைப் பேசுங்கள்.