மன்னித்துவிட்டால் நஷ்டத்தைக் கேட்கக் கூடாதா?

"விசைப்படகுக்காரர் என் நண்டு வலையை அறுத்துவிட்டார். மன்னித்துவிட்டேன். இனி நஷ்டஈடு கேட்டால் பாவமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

பாவமில்லை. மன்னிப்பு என்றால் வன்மத்தை விடுவது, வலைக்கணக்கை அழிப்பதல்ல. பைபிளில் லூக்கா நற்செய்தி 19-ம் அதிகாரத்தில் வரி வசூலிக்கும் சக்கேயு, ஏமாற்றிப் பறித்ததை நான்கு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்கிறார். அதன் பிறகுதான் இந்த வீட்டுக்கு மீட்பு வந்தது என்கிறார் இயேசு. குருவிடம் பாவத்தை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்திலும் அதே கதைதான்: திருடியவர் அழுதால் மட்டும் போதாது, பொருளையும் திருப்ப வேண்டும்.

எங்கள் தங்கச்சிமடம் பக்கம் ஒருவர் அறுந்த வலையைத் தோளில் போட்டுக்கொண்டே எதிராளி வீட்டு வாசலில் போய் நின்றார். சத்தமே போடவில்லை. பாதிப் பணம் கைக்கு வந்தது. அப்புறம் இருவரும் பூவரச நிழலில் உட்கார்ந்து அதே வலையைச் சரிசெய்தார்கள். மீதியை அவர் கேட்கவில்லை; அது அவருடைய தாராளம், சட்டமல்ல.