சான்றிதழ் இல்லாத பென்டிரைவ்: மேல்முறையீட்டில் ஆட்சேபிக்கலாமா?

கேள்வி: கடைத் திருட்டு என்று 2022-இல் பதிவான வழக்கில் என் தம்பிக்கு நடுவர் நீதிமன்றம் இரண்டு ஆண்டு சிறை விதித்திருக்கிறது. சிசிடிவி காட்சியின் நகல் உள்ள பென்டிரைவைச் சான்றிதழ் இல்லாமலே சான்றாவணமாகக் குறியிட்டபோது (நீதிமன்றம் எண்ணிட்டு ஏற்றபோது) எங்கள் வழக்கறிஞர் ஆட்சேபிக்கவில்லை. போலீசில் கொடுத்ததாகச் சொல்லும் வாக்குமூலமும் முழுதாகக் குறியிடப்பட்டுள்ளது. விசாரணைக்கு முன்பே வழக்கிலிருந்து விடுவிக்கக் கோரிப் போட்ட விடுவிப்பு மனுவும் தள்ளுபடியானது. மேல்முறையீட்டில் இவற்றை எழுப்பலாமா?

பதில்: விடுவிப்பு மனுவை விட்டுவிடுங்கள். அந்தக் கட்டத்தில் நீதிமன்றம் பார்த்தது வழக்குக்கு முகாந்திரம் உண்டா என்பதை மட்டுமே. தண்டனை வந்தபின் அதைக் கிளறிப் பயனில்லை.

பலரும் முதல் காரணமாக எழுதுவது 65பி சான்றிதழ் இல்லாததைத்தான். மின்னணுப் பதிவின் நகல் எப்படி, எந்தக் கருவியிலிருந்து எடுக்கப்பட்டது என்று சாட்சியச் சட்டம் 65பி பிரிவின்படி தரும் சான்றிதழ் அது. நான் அப்படி எழுத மாட்டேன். சான்றிதழ் கட்டாயம் என்று அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் சொன்னது உண்மை. ஆனால் சோனு எதிர் ஹரியானா வழக்கில் (2017), சான்றிதழ் இல்லாமை என்பது நிரூபிக்கும் முறையிலுள்ள குறை, குறியிடும்போதே ஆட்சேபித்திருந்தால் அரசுத் தரப்பு அதைச் சரிசெய்திருக்கும், மேல்முறையீட்டில் முதன்முறையாகக் கிளப்ப முடியாது என்றது. அதோடு, நீங்கள் இதைப் பெரிதாக்கினால், கூடுதல் சாட்சியமாகச் சான்றிதழைத் தாக்கல் செய்ய அரசுத் தரப்பு அனுமதி கேட்கவும் வழியுண்டு.

பென்டிரைவின் நம்பகத்தன்மையைத் தாக்குவதற்கு இந்தத் தடை இல்லை. டிவிஆரிலிருந்து (கேமரா காட்சியைப் பதிவு செய்யும் கருவி) நகலெடுத்தது யார், அவர் சாட்சி சொன்னாரா? டிவிஆர் கைப்பற்றப்பட்டதா? காட்சியிலிருப்பவர் உங்கள் தம்பிதான் என்று சொன்ன சாட்சிக்கு அவரை முன்பே தெரியுமா? குற்ற நடைமுறைச் சட்டம் 313-ஆம் பிரிவின்படி, சாட்சியங்களுக்கு விளக்கம் கேட்டு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்டவரிடம் கேட்கும் கேள்விகளில் இந்தக் காட்சி பற்றி உங்கள் தம்பியிடம் கேட்கப்பட்டதா?

உங்கள் வலுவான காரணம் வாக்குமூலம். காவல் அதிகாரியிடம் சொன்ன ஒப்புதல் சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி அடியோடு ஏற்கத்தகாதது. வழக்கறிஞர் மௌனமாக இருந்தார் என்பதால் அது ஏற்கத்தக்கதாகிவிடாது. எந்தக் கட்டத்திலும் எதிர்க்கலாம். காவலில் இருந்தபோது சொன்னதில், பொருள் கண்டெடுக்கப்படக் காரணமான பகுதி மட்டுமே 27-ஆம் பிரிவின்படி நிற்கும். முழுதையும் குறியிட்டது தவறு. தீர்ப்பில் நடுவர் எந்த வரிகளை நம்பினார் என்று பத்தி எண்ணோடு எடுத்துக்காட்டுங்கள்.

ஆனால் தவறைக் காட்டுவது மட்டும் போதாது. சாட்சியச் சட்டம் 167-ஆம் பிரிவின்படி, தவறாக ஏற்ற சாட்சியத்தை நீக்கியபின் எஞ்சியது தண்டனைக்குப் போதுமா என்றே அமர்வு நீதிமன்றம் பார்க்கும். இங்கேதான் பல மனுக்கள் தோற்கின்றன. வாக்குமூலத்தைக் கழித்தபின் மிஞ்சும் மகஜர் சாட்சிகளையும் (பொருள் கைப்பற்றியபோது உடனிருந்து கையெழுத்திட்டவர்கள்) பொருள் கைப்பற்றிய விதத்தையும் தனித்தனியே உடைத்து எழுதச் சொல்லுங்கள்.

இந்தப் பிரிவு எண்கள் 2024 ஜூலை 1-இல் புதிய சட்டங்கள் அமலாவதற்கு முன்பிருந்த பழைய சட்டத்தின்படி. விசாரணை அதற்கு முன்பே தொடங்கியதால் உங்களுக்கு அதுவே பொருந்தும்.

மேல்முறையீட்டுக்குக் கெடு 30 நாள். தீர்ப்பு நகல் பெற ஆகும் நாட்கள் இந்தக் கணக்கில் சேராது, ஆகவே நகல் மனுவை இன்றே போடுங்கள். நடுவர் தண்டனையை நிறுத்திவைத்திருந்தாலும் அது மேல்முறையீடு செய்வதற்கான அவகாசம் வரைதான். மேல்முறையீட்டோடு தண்டனை நிறுத்த மனுவையும் சேர்த்தே தாக்கல் செய்ய வேண்டும்.