ஐயாவின் டிரங்குப் பெட்டி

கேள்வி: காரைக்குடிப் பக்கம் எங்கள் பழைய வீட்டில் மராமத்து வேலை நடந்தபோது, பரணில் ஐயாவின் (அப்பாவைப் பெற்றவர்) டிரங்குப் பெட்டி கிடைத்தது. மலாயாவில் ஒரு கடையில் கணக்கு எழுதிவிட்டு, சண்டை முடிந்த பிறகு ஊர் திரும்பியவர் அவர். பெட்டியில் பின் அடித்த ஒரு ரூபாய்க் கட்டு ஒன்று, ராஜா தலை போட்ட ஒரு ரூபாய் இரண்டு, டிராக்டர் படம் போட்ட ஐந்து ரூபாய் நான்கு, வாழைமரம் போட்ட ஜப்பான் நோட்டு முப்பதுக்கு மேல். ஒரு ஜப்பான் நோட்டின் ஓரத்தில் ஐயா பென்சிலால் ஏதோ கணக்குப் போட்டிருக்கிறார். டிராக்டர் நோட்டை என் மகன் படம் எடுத்து வெளியிட்டான். அதிலிருந்து ஒருவர் தினமும் போன் செய்கிறார். எட்டு லட்சம் தருகிறாராம், முதலில் பதிவுக் கட்டணம் 2,500 ரூபாய் அனுப்ப வேண்டுமாம். வீட்டுக்காரரோ, ‘எல்லாம் செல்லாக் காசு, தூக்கிப் போடு’ என்கிறார். என்ன செய்யலாம்? கறை பட்டதைக் கழுவி லேமினேட் செய்து வைக்கலாமா?

பதில்: முதலில் அந்த 2,500 ரூபாய். அனுப்பாதீர்கள். ஏற்கெனவே அனுப்பியிருந்தால் இதை மூடி வைத்துவிட்டு இணைய மோசடிப் புகாருக்கான 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்து புகார் கொடுங்கள், மிச்சத்தைப் பிறகு படிக்கலாம். ‘எட்டு லட்சத்தில் 2,500-ஐக் கழித்துக்கொண்டு மீதியைக் கொடுங்கள்’ என்று அந்த ஆளிடம் மகனைச் சொல்லச் சொல்லுங்கள். அதோடு போன் நின்றுவிடும். பழைய நோட்டு வாங்குகிறோம், கமிஷன் கட்டுங்கள், வரி கட்டுங்கள் என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என 2021 ஆகஸ்டிலேயே ரிசர்வ் வங்கி எச்சரித்துவிட்டது. டிராக்டர் நோட்டு அபூர்வமும் இல்லை. அந்த உழவர் பல வருஷம் ஐந்து ரூபாயில் உழுதார். பிறகு காந்தி படம் வந்த ஐந்து ரூபாயிலும் பின்பக்கம் அவர்தான் உழுதார். இன்றைக்கும் கடையில் கொடுத்தால் அது ஐந்து ரூபாய்.

உங்கள் வீட்டுக்காரரிடம் இன்னொன்றும் சொல்லுங்கள். சுதந்திர இந்தியாவின் ஒரு ரூபாய் நோட்டு செல்லாக் காசு இல்லை. 1994-இல் அச்சடிப்பதை நிறுத்தி 2015 மார்ச்சில் மறுபடி தொடங்கியபோது, பழையவையும் செல்லும் என்றே அரசு அறிவித்தது. சட்டம் பார்த்து வைத்துக்கொள்ள வேண்டியது 2016-இல் செல்லாமல் போன 500, 1000 நோட்டுகளைத்தான். அவற்றை மொத்தம் பத்துக்கு மேல் வைத்திருந்தால் அபராதம். ஆராய்ச்சிக்கோ சேகரிப்புக்கோ என்றால் 25 வரை விடுவார்கள். உங்கள் பெட்டியில் அந்த வில்லங்கம் இல்லை.

இனி, என் கண்ணை உறுத்துகிற அந்தக் கட்டுக்கு வருகிறேன். முப்பது வருஷம் வங்கியில் காசாளராக இருந்தவன் நான். ஈர ஸ்பாஞ்சில் விரலைத் தொட்டுத் தொட்டு எண்ணிய கை. ஒரு ரூபாய்க் கட்டு வந்தால் அலுப்பாக இருக்கும். நூறு தாளை எண்ணினாலும் நூறு ரூபாய்தானே! அதையே கல்யாண முகூர்த்த மாதங்களில், மொய்க்கு 101 எழுத வேண்டும் என்று ஆள் வைத்துக் கேட்டு வாங்குவார்கள். உங்கள் ஐயா கட்டை அப்படியே வைத்திருந்ததற்கும் மொய் காரணமாக இருக்கலாம்.

அதிலிருந்து ஒரு தாளை வெளிச்சத்தில் பிடித்து, கையெழுத்தைப் பாருங்கள். மற்ற நோட்டுகளில் ரிசர்வ் வங்கி ஆளுநர் கையெழுத்து இருக்கும், ‘இத்தனை ரூபாய் தருகிறேன்’ என்ற உறுதிமொழியும் இருக்கும். ஒரு ரூபாயில் இரண்டும் கிடையாது. அது மத்திய அரசே வெளியிடுவது, கையெழுத்து நிதித் துறைச் செயலாளருடையது. காரணம் எளிது. சட்டத்தின் கண்ணில் அது தாளில் அடித்த நாணயம். மற்ற நோட்டுகள் எந்த ரூபாயைத் தருவதாகச் சொல்கின்றனவோ, அந்த ரூபாயே இதுதான். அதனால்தான் அதன் மேல் ஒரு ரூபாய்க் காசின் படத்தையும் போட்டார்கள். காசுக்குள் பொடி எழுத்தில் இருக்கும் வருஷம்தான் பெரும்பாலும் நோட்டின் வருஷம். லென்ஸ் வைத்துப் பாருங்கள்.

கையெழுத்தும் வருஷமும் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. 1949-இல் அசோகத் தூண் சிங்கத்தோடு வந்த முதல் ஒரு ரூபாயில் கே.ஆர்.கே. மேனன். அறுபதுகளில் பூதலிங்கம், ஜெகந்நாதன் என்று நம்மூர்ப் பெயர்களைப் பார்க்கலாம். 1976-க்குப் பிறகு சில வருஷம் மன்மோகன் சிங். அவரே 1982-இல் ரிசர்வ் வங்கி ஆளுநராகிப் பெரிய நோட்டுகளிலும் கையெழுத்துப் போட்டார். செயலாளராக ஒன்று, ஆளுநராக ஒன்று என இரண்டையும் ஜோடி சேர்ப்பது சேகரிப்பாளர்களுக்குப் பிடித்த விளையாட்டு. ஐ.ஜி. படேல், ஜெகந்நாதன், வெங்கிட்டரமணன் ஆகியோருக்கும் இப்படி ஜோடி உண்டு. பெரிய முதல் தேவைப்படாத விளையாட்டு. 1969-இல் காந்தி நூற்றாண்டுக்கு வந்த ஒரு ரூபாய், இரண்டு ரூபாய்களையும் உங்கள் மகன் தேடிப் பார்க்கட்டும். சின்ன நோட்டுகளில் எனக்குப் பிடித்தவை அவைதான்.

கட்டில் அடித்திருக்கும் பின்னைப் பிடுங்காதீர்கள். பின் ஓட்டை இருக்கிறதே, மதிப்புப் போய்விட்டதா என்று பலர் கேட்கிறார்கள். நம் நாட்டில் வங்கிக் கட்டு என்றாலே பின் அடித்ததுதான். வேண்டாம் என்று ரிசர்வ் வங்கி 2001-இல் சொன்ன பிறகுதான் அந்தப் பழக்கம் ஒழிந்தது. ஆகவே, மடிப்பே விழாத அந்தக் காலத்துப் புது நோட்டிலும் இடது ஓரத்தில் ஓட்டை இருக்கும். நம்மூர்ச் சேகரிப்பாளர் அதைக் குறையாக எடுப்பதில்லை. பின் துருப்பிடித்துக் கறை இறங்கியிருந்தால் மட்டும், நகத்தால் நெம்பாமல், தட்டையான கத்தி முனையால் கால்களை நிமிர்த்தி மெதுவாக எடுங்கள்.

கழுவுவது, லேமினேட் செய்வது இரண்டும் வேண்டவே வேண்டாம். கழுவினால் தாளின் விறைப்புப் போய்விடும். லேமினேட் செய்தால் நோட்டைத் திரும்ப வெளியே எடுக்க வழியில்லை, அதை வாங்கவும் ஆள் இல்லை. நானும் யோக்கியன் இல்லை. ராஜா காலத்து நோட்டு ஒன்று எனக்குக் கிடைத்தபோது, மடிப்புப் போகட்டும் என்று மேலே துணி போட்டு இஸ்திரி தேய்த்தேன். மடிப்பு போயிற்று. கூடவே தாளில் எழும்பி நின்ற அச்சும் படுத்துவிட்டது. ஒரு கண்காட்சியில் பெரியவர் ஒருவர் அதைக் கையில் வாங்கிச் சாய்த்துப் பார்த்து, ‘பெட்டி போட்டிருக்கீங்களே தம்பி’ என்றார். அவ்வளவு பளபளப்பு!

செலோடேப்பும் வேண்டாம். தெருவில் விற்கும் மெழுகு நாற்றமடிக்கும் பிளாஸ்டிக் உறைகள் நாளாவட்டத்தில் எண்ணெய் கசிந்து நோட்டோடு ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் உறை என்று கேட்டு வாங்குங்கள். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து பாச்சை உருண்டையை நோட்டின் மேலேயே வைப்பவர்கள் உண்டு, அதைச் செய்யாதீர்கள். ஏடுகளுக்கு வைத்தது போல வசம்புத் துண்டை ஒரு துணியில் முடிந்து பெட்டியின் மூலையில் போட்டால் போதும். அதைவிட முக்கியம், பெட்டி மறுபடி பரணுக்கு ஏறக்கூடாது. ஓட்டுக்கு அடியில் இருக்கிற சூட்டில் எந்தத் தாளும் நிற்காது.

ராஜா தலை நோட்டுகளிலும் காசுப் படத்தில் வருஷம் பாருங்கள். முதல் உலகப் போரில் வெள்ளித் தட்டுப்பாடு வந்தபோது, 1917 நவம்பர் 30-இல், இந்தியாவில் ஒரு ரூபாய் தாளாக வந்தது. 25 நோட்டுகள் கொண்ட புத்தகமாகக் கொடுத்தார்கள். அடுத்த ஜனவரியில் இரண்டு ரூபாய் எட்டணாவுக்கே தனி நோட்டு வந்தது! 1926-இல் இரண்டையும் நிறுத்தினார்கள். அடுத்த போர் வர, 1940-இல் ஒரு ரூபாய் மட்டும் திரும்பியது. உங்களுடையவை 1940 என்றால், ஜோன்ஸ் கையெழுத்துப் போட்ட ஆறாம் ஜார்ஜ் நோட்டு. நல்ல பொருள், ஆனால் எளிதில் கிடைப்பது. 1917 என்று இருந்தால் யாரிடமும் விற்காமல், இரண்டு மூன்று பேரிடம் காட்டுங்கள். சென்னை, மதுரை, கோவையில் நடக்கும் நாணயக் கண்காட்சிகள் அதற்கு நல்ல இடம். ‘இன்றைக்கே கொடுத்தால் இந்த விலை’ என்பவரைத் தாண்டிப் போய்விடுங்கள்.

ஜப்பான் நோட்டு பற்றிச் சொன்னால் வருத்தப்படுவீர்கள். வாழைமரம் போட்டது பத்து டாலர். ஜப்பான்காரர்கள் 1942-இல் மலாயாவைப் பிடித்ததும் வெளியிட்டது, அப்புறம் கணக்கு வழக்கில்லாமல் அடித்துத் தள்ளினார்கள். பலவற்றில் வரிசை எண்கூடக் கிடையாது, ‘எம்’ என்று தொடங்கும் எழுத்துகள் மட்டும்தான். 1945-இல் பிரிட்டிஷார் திரும்பி வந்து செல்லாது என்றதும் மூட்டை மூட்டையாக வெறும் தாள் ஆயிற்று. அதனால் இன்றும் மலிவு. ஒன்று கவனித்தீர்களா? உறுதிமொழியே இல்லாத நம் ஒரு ரூபாய் இன்றும் செல்கிறது. கேட்டதும் தருவதாக ஜப்பானிய அரசு ஆங்கிலத்தில் அச்சடித்துக் கொடுத்த தாள், உங்கள் ஐயாவின் சம்பளத்தோடு போயிற்று. ஒரு சென்ட், ஐந்து சென்ட் என்ற பொடி நோட்டுகள் ஜப்பான் நோட்டுகளுக்குள் ஒளிந்திருக்கலாம், அவற்றைத் தனியே எடுத்து வையுங்கள்.

பென்சில் கணக்குள்ள நோட்டை ரப்பரால் தொடாதீர்கள். வியாபாரி அதைக் கறை என்பார், விலையைக் குறைப்பார். நீங்கள் அதை விற்கப் போவதில்லை. லென்ஸ் வாங்கிய கையோடு அதில் என்ன எழுதியிருக்கிறது என்று படியுங்கள். அரிசி விலையா, பாக்கியா, கப்பல் கூலியா? கணக்கு எழுதியவர் கை, அடையாளம் புரியும். அப்பத்தா இருந்தால் அவரிடம் காட்டுங்கள். தெரிந்ததைத் தனித்தாளில் எழுதி, அதே உறைக்குள் நோட்டின் பின்னால் வையுங்கள்.