நல்ல வேலையை விடுகிறேன் என்கிறாள் மகள்

ஐயா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். மகளுக்கு 32 வயது. மென்பொருள் நிறுவனத்தில் ஒன்பது வருடமாக டெஸ்டிங் வேலை, இப்போது டீம் லீட். சம்பளம் தேதி தவறாமல் வருகிறது. வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்தே வேலை. மேலதிகாரியும் தங்கமானவர். இத்தனையையும் விட்டுவிட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகப் போகிறேன் என்கிறாள். ஒன்றரை வருடமாக வீட்டில் இதே பேச்சு. "அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை ஆகிவிடும், நீங்களாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்கள்" என்று முடித்திருக்கிறீர்கள்.

புத்தி சொல்ல எனக்குத் தயக்கம்தான். இந்தத் தயக்கம் எனக்கு ரொம்ப முன்னால் ஒரு பெரிய மனிதருக்கும் இருந்திருக்கிறது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் பாதிரியாராக இருந்த ஜோசப் பிரீஸ்ட்லிக்கு, 1772இல் ஷெல்பர்ன் பிரபுவின் நூலகத்தைக் கவனித்துக்கொள்ள அழைப்பு வந்தது. பழகிய ஊரையும் சபையையும் விட்டுப் போவதா வேண்டாமா என்று நண்பரும் அமெரிக்க அறிஞருமான பெஞ்சமின் பிராங்க்ளினிடம் கேட்டார். செப்டம்பர் 19ஆம் தேதி லண்டனிலிருந்து பதில் எழுதிய பிராங்க்ளின், போ என்றும் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. விவரம் முழுதும் தெரியாததால் என்ன முடிவெடுப்பது என்று சொல்ல முடியாது, எப்படி முடிவெடுப்பது என்று வேண்டுமானால் சொல்கிறேன் என்றார். ஒரு தாளின் நடுவே கோடு கிழிக்க வேண்டும். ஒரு பக்கம் சாதகம், மறுபக்கம் பாதகம். மூன்று நாலு நாள் தோன்றத் தோன்ற எழுதிக்கொண்டே வர வேண்டும். பிறகு எடை ஒத்து வருகிறவற்றை இரண்டு பக்கமும் அடித்துக்கொண்டே வந்து, மிச்சம் எந்தப் பக்கம் நிற்கிறது என்று பார்க்க வேண்டும்.

இந்தப் பட்டியலை இன்றைக்கும் எல்லோரும் போடுகிறார்கள், ஆனால் அரை மணி நேரத்தில் போட்டுவிடுகிறார்கள். அந்த மூன்று நாலு நாள்தான் இதில் சாரமே. ஒரே மூச்சில் எழுதினால் அன்றைய மனநிலைதான் தாளில் இறங்கும். ஒருவர் என்னிடம் இரண்டு பட்டியல் கொண்டுவந்தார். ஒன்று போனஸ் வந்த அன்று எழுதியது, மற்றது ஒரு மோசமான மீட்டிங் முடிந்த இரவில் எழுதியது. இரண்டும் ஒரே ஆள் எழுதியது என்று கையெழுத்தைப் பார்த்துத்தான் நம்ப முடிந்தது.

பிரீஸ்ட்லி போனார். 1774இல் அந்தப் பிரபுவின் மாளிகையில் இருந்தபோதுதான் ஆக்சிஜனைப் பிரித்தெடுத்தார். பட்டியல் போட்டால் ஆக்சிஜன் கிடைக்கும் என்று சொல்ல வரவில்லை ஐயா, கதையைப் பாதியில் விட மனம் வரவில்லை, அவ்வளவுதான்.

சரி, உங்கள் மகள் விஷயத்துக்கு வருவோம். அவள் சொல்வதில் இரண்டு சங்கதி கலந்து கிடக்கிறது. இந்த வேலை எனக்கு ஒட்டவில்லை என்பது ஒன்று. ஆசிரியர் வேலை எனக்கு ஒட்டும் என்பது இன்னொன்று. முதலாவது அவள் தினமும் அனுபவிப்பது, அதற்கு அவளே சாட்சி. இரண்டாவது அவள் எதிர்பார்ப்பது, அதற்கு இன்னும் சாட்சி கிடையாது. முதலாவதை நம்புங்கள். இரண்டாவதைச் சோதித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பல வீடுகளில் இது தலைகீழாக நடக்கிறது. பெற்றோர் "இந்த வேலைக்கு என்னம்மா குறை?" என்று முதலாவதை மறுக்கிறார்கள். பிள்ளை அதை நிரூபிக்கவே தொண்டை வறளப் பேசுகிறது. இரண்டாவதை யாருமே கேட்பதில்லை. கடைசியில் ஒருநாள் கோபத்தில் ராஜினாமாக் கடிதம் போய்விடுகிறது.

கோபத்தில் விட்டவன் கதை எனக்குத் தெரியும், ஏனென்றால் அது நான்தான். 29 வயதில் ஒரு அலுவலகத்தில் நல்ல நிலையில் இருந்தேன். மேலதிகாரியோடு ஒத்துப்போகவில்லை. எனக்கு இந்தத் துறையே வேண்டாம் என்று முடிவு கட்டி, சம்பந்தமே இல்லாத விற்பனை வேலைக்குப் போனேன். எட்டாவது மாதம், பழைய வேலையின் கணக்கு வழக்குகளை நினைத்து ஏங்கிக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். நான் மாற்றியிருக்க வேண்டியது மேலதிகாரியை. வேலையையே மாற்றிவிட்டேன். அதனால் என்னிடம் வருகிறவர்களிடம் முதலில் கேட்பது இதுதான்: இதே வேலை, ஆனால் வேறு மேலதிகாரி, வேறு குழு, பாதி தூரத்தில் அலுவலகம். கொடுத்தால் இருப்பீர்களா? "ஓ, அப்படியென்றால் சரி" என்று முகம் மலர்ந்தால், அவர் தேட வேண்டியது வேறு கம்பெனி. உங்கள் மகளின் மேலதிகாரி தங்கமானவர் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். வேலை நேரமும் தொல்லை இல்லை. இவ்வளவு நன்றாக இருந்தும் ஒன்றரை வருடமாக ஒருத்தி போக வேண்டும் என்கிறாள் என்றால், சலிப்பு வேலையிலேயே இருக்கிறது.

அடுத்து உங்கள் பயம். "ஒன்பது வருடம் வீணாகிவிடுமே" என்கிறீர்கள். அந்த ஒன்பது வருடம் அவள் இருந்தாலும் போனாலும் போனதுதான். அதைக் காப்பாற்றுவதற்காக இன்னும் இருபத்தைந்து வருடத்தைச் செலவழிப்பது லாபமா என்பதுதான் கணக்கு. மனித மனம் இந்தக் கணக்கைச் சரியாகப் போடாது என்பதும் தெரிந்த விஷயமே. வரக்கூடிய லாபத்தைவிடப் போகக்கூடிய நஷ்டம் நமக்குப் பெரிதாகத் தெரியும் என்று உளவியலாளர்கள் டேனியல் கானமனும் ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் 1979இலேயே எழுதினார்கள். அதனால்தான் உங்கள் கடிதத்தில் அவள் இழக்கப்போவது ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது, அடையப்போவது பற்றி ஒரு வரிகூட இல்லை. குறையாகச் சொல்லவில்லை, அப்பா என்றால் அப்படித்தான்.

ஒன்பது வருடம் முழுசாக வீண் என்பதும் சரியில்லை. டெஸ்டிங் என்றால் என்ன? எந்தப் படியில் தப்பு நுழைந்தது என்று கண்டுபிடிப்பது. ஒரு பிள்ளை அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால் ஐந்தில் இரண்டு என்று எழுதுகிறது. மேலே உள்ள ஒன்றையும் ஒன்றையும் கூட்டி இரண்டு, கீழே உள்ள இரண்டையும் மூன்றையும் கூட்டி ஐந்து. தப்பு என்று சிவப்பு மையில் அடிக்கிற டீச்சர் உண்டு. "அரையே உன் விடையைவிடப் பெரிது ஆயிற்றே, அதோடு இன்னும் கொஞ்சம் சேர்த்தால் எப்படிக் குறையும்?" என்று கேட்டு, பிள்ளையின் தலைக்குள் எந்தப் படி புரண்டது என்று பார்க்கிற டீச்சரும் உண்டு. ஒன்பது வருடம் பிழை தேடிய ஒருத்தி இரண்டாவது வகை டீச்சராக வர வாய்ப்பு அதிகம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

ஆனால் தோன்றுவது போதாது என்றுதானே மேலே சொன்னேன். எனவே சோதனை. அவள் மனதில் இருக்கிற பள்ளிக்கூடம் எனக்குத் தெரியும்: கரும்பலகை, மலர்ந்த முகங்கள், "புரிஞ்சுடுச்சு மிஸ்!" என்கிற குரல். அது உண்மைதான், வாரத்தில் ஒரு இருபது நிமிடம் அப்படி இருக்கும். மிச்ச நேரத்தை அவள் பார்த்தாக வேண்டும். தெரிந்த ஆசிரியர் யாரையாவது பிடித்து, பள்ளி அனுமதித்தால் ஒரு செவ்வாய்க்கிழமை முழுவதும் கூடவே இருக்கச் சொல்லுங்கள். விழா நாள் வேண்டாம், முதல் நாள் வேண்டாம், ஒன்றுமே நடக்காத செவ்வாய்க்கிழமை. காலையில் வருகைப்பதிவு, ஒரே பாடத்தை மூன்று பிரிவுக்கு மூன்று தடவை, மதியத்துக்கு மேல் தூங்கி வழிகிற வகுப்பு, பக்கத்து வகுப்பு டீச்சர் லீவு என்பதால் கைவிட்டுப்போன ஓய்வுப் பீரியட், சாயங்காலம் மேஜைமேல் நாற்பது நோட்டு. அந்த நாற்பதில் குறைந்தது இருபதை அவளே திருத்திப் பார்க்கட்டும். ஒருவரை இப்படி அனுப்பினேன். மாலை போனில், "பசங்க பிரச்சினையே இல்ல சார், ஆனா நாள் முழுக்க ஒரு நிமிஷம் தனியா உக்கார முடியல" என்றார். தனிமையில் வேலை பார்த்துப் பழகியவர் அவர். அந்த ஒரு வரியைத் தெரிந்துகொள்ள அவர் வேலையை விட வேண்டியிருக்கவில்லை, ஒரு நாள் லீவு போதுமானதாக இருந்தது.

ஒரு நாளோடு நிறுத்த வேண்டாம். சனி ஞாயிறுகளில் நாலைந்து பிள்ளைகளுக்கு ஆறு மாதம் கணக்கு சொல்லித் தரட்டும். முதல் மாதம் யாருக்கும் இனிக்கும். நாலாவது மாதம், அதே பிள்ளை அதே தப்பை மறுபடியும் செய்யும்போது அவளுக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் எனக்கு வேண்டிய தகவல். ஆற்றில் ஒரு கால் சேற்றில் ஒரு கால் என்று நீங்கள் சொல்லக்கூடும். இருக்கட்டும், கொஞ்ச நாளைக்கு அப்படி நிற்பது நல்லது. வேலையை விடாமலே பக்கத்தில் சொந்தத் தொழில் தொடங்கியவர்களையும், எடுத்த எடுப்பில் வேலையை விட்டுவிட்டுத் தொடங்கியவர்களையும் ஒப்பிட்டு 2014இல் அமெரிக்காவில் ஒரு ஆய்வு வந்தது. முதல் வகையினர் தொழிலைக் கைவிட நேரும் வாய்ப்பு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. ஆசிரியர் வேலை சொந்தத் தொழில் இல்லை என்றாலும், ஆழம் பார்த்துக் காலை விடுகிறவருக்கு என்ன நடக்கிறது என்பது இதில் தெரிகிறது.

பணம். இதில் சேமிப்பு எவ்வளவு என்று கேட்பதைவிட, எத்தனை மாதம் என்று கேட்பது நல்லது. தவிர்க்கவே முடியாத மாதச் செலவால் சேமிப்பை வகுத்தால் வருகிற எண்ணிக்கைதான் அவளுக்கு இருக்கிற மூச்சு. ஆசிரியர் பயிற்சிக் காலத்தில் வருமானம் இருக்காது, அதன் பிறகு வேலை கிடைக்கவும் சில மாதம் ஆகலாம். இரண்டையும் சேர்த்து, மேலே ஆறு மாதம் வைத்துக்கொள்வது என் வழக்கம். அப்புறம் ஒரு ஒத்திகை: வரப்போகிற டீச்சர் சம்பளம் எவ்வளவோ அவ்வளவில் மட்டும் மூன்று மாதம் வாழ்ந்து பார்க்க வேண்டும். மிச்சத்தைச் சம்பளம் வந்த அன்றே வேறு கணக்குக்கு மாற்றிவிட வேண்டும். தினச் செலவை ஒரு நோட்டில் எழுத வேண்டும், ஆப் எல்லாம் வேண்டாம், கையால் எழுதினால்தான் உறைக்கும். இதில் சேமிப்பும் ஏறும், முடியுமா முடியாதா என்பதும் தெரிந்துவிடும். என்னிடம் வந்தவர்களில் சிலர் இந்த மூன்று மாதத்திலேயே மனம் மாறியிருக்கிறார்கள், அதில் ஒரு வெட்கமும் இல்லை.

சின்னச் சின்ன விஷயங்களும் உண்டு. கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும், அதனால் சொந்தப் பெயரில் ஒரு பாலிசி முன்கூட்டியே இருக்க வேண்டும். நோட்டீஸ் காலம், பாக்கி போனஸ் எந்த மாதம் என்பதையெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். புதிய கடன் எதுவும் இப்போது வேண்டாம். பயிற்சியில் சேருமுன், அவள் போக நினைக்கிற பள்ளிகள் எந்தச் சான்றிதழைக் கேட்கின்றன என்று அந்தப் பள்ளிகளிடமே விசாரிக்க வேண்டும். படிப்பு நடத்துகிறவர்களிடம் கேட்டால் எல்லாச் சான்றிதழும் செல்லும் என்பார்கள். இன்னொன்று, சம்பளமில்லா நீண்ட விடுப்பு கிடைக்குமா என்று கம்பெனியில் கேட்டுப் பார்த்தாளா? கேட்காமலே "தர மாட்டார்கள்" என்று முடிவு கட்டுகிறவர்கள்தான் அதிகம்.

இவ்வளவும் செய்து முடித்த பிறகும் தராசு நடுவிலேயே நின்றால்? அப்போது நான் போவதன் பக்கம் சாய்வேன். சிகாகோ பல்கலைக்கழகப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட் வினோதமான ஒரு சோதனை செய்தார். பெரிய முடிவொன்றில் இரண்டு மனமாக நின்றவர்களைக் கணினியில் காசு சுண்டிப் பார்க்கச் சொன்னார். 20,000 தடவைக்கு மேல் காசு சுண்டப்பட்டது. வேலையை விடுவது போன்ற பெரிய முடிவுகளில், மாற்றத்தின் பக்கம் போனவர்கள் ஆறு மாதம் கழித்துக் கூடுதல் நிம்மதியோடு இருப்பதாகச் சொன்னார்கள். இதை வைத்துக்கொண்டு எல்லோரும் வேலையை விடலாம் என்று சொல்லிவிட முடியாது, ஏனென்றால் அவர்கள் ஏற்கெனவே சரிபாதியாகத் தத்தளித்தவர்கள். ஆனால் ஒன்றரை வருடம் தத்தளிக்கிறவளுக்கு அது பொருந்தும். அவ்வளவு நாள் இழுப்பதற்குப் பெரும்பாலும் பயம்தான் காரணம், பாதகம் கனமாக இருப்பது காரணம் ஆகாது.

போவதென்று முடிவானால் திரும்பும் தேதியையும் இப்போதே எழுதி வைக்கச் சொல்லுங்கள். "பயிற்சி முடிந்து ஒரு வருடத்துக்குள் நிரந்தர வேலை கிடைக்காவிட்டால் பழைய துறையில் விண்ணப்பிப்பேன்" என்பது போல. நடுக்கடலில் நின்றுகொண்டு இதை முடிவு செய்ய முடியாது. பழைய துறை மனிதர்களோடு தொடர்பையும் அறுத்துக்கொள்ள வேண்டாம். கடைசி நாள்வரை வேலையை ஒழுங்காக ஒப்படைத்துவிட்டு வந்தால் அந்தக் கதவு திறந்தே இருக்கும்.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது ஐயா. இந்த ஒன்றரை வருடத்தில் அவளிடம் "ஏன் விடுகிறாய்?" என்று எத்தனையோ தடவை கேட்டிருப்பீர்கள். ஒரு தடவை, "கணக்கில் எந்தப் பாடம் சொல்லித் தர உனக்கு ஆசை?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் உடனே வருகிறதா, வந்தால் எவ்வளவு நேரம் பேசுகிறாள் என்று கவனியுங்கள். நடுவில் குறுக்கிட வேண்டாம்.

பிறகு என்னைப் பார்க்க அவளை அனுப்புங்கள். நீங்கள் கூட வர வேண்டாம், தனியாகவே வரட்டும். அந்தச் செலவு நோட்டையும், அவள் திருத்திய இருபது நோட்டில் ஒன்றையும் எடுத்துக்கொண்டு வரச் சொல்லுங்கள்.