எதிர்வீட்டுக்காரங்க நன்றி மறந்தா உதவியை நிறுத்தணுமா?

சிஸ்டர், மீன்பிடித் தடைக்காலம் 61 நாளும் எதிர்வீட்டுக்கு அரிசி கொடுத்தீங்க, உங்க வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியில இருந்தப்ப அவங்க எட்டிக்கூடப் பாக்கல, இந்த மனவருத்தம் பாவமான்னு கேட்டிருக்கீங்க. இல்லவே இல்லை. பைபிள்ல லூக்கா 17-ம் அதிகாரம் எடுத்துப் படிங்க. குஷ்டரோகிகள் பத்துப் பேரை இயேசு சுகமாக்கினார். நன்றி சொல்லத் திரும்பி வந்தது ஒரே ஒரு சமாரியன். மத்த ஒன்பது பேர் எங்கேன்னு இயேசுவே கேட்டார். ஆனா கொடுத்த சுகத்தைத் திரும்ப எடுத்துக்கல. எனக்கு அந்த இடம்தான் பெரிசா படுது.

கையில இல்லன்னா கொடுக்காதீங்க, தப்பில்ல. கோபத்துல மட்டும் நிறுத்தாதீங்க. காசிமேட்டுல எங்கம்மா பக்கத்து வீட்டுக்கு வறுத்த கருவாட்டை வாழையிலையில மடிச்சுத்தான் கொடுப்பாங்க. பாத்திரத்துல கொடுத்தா, வெறும் பாத்திரமா திருப்பித் தர அவங்க சங்கடப்படுவாங்களாம்.