வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: குடிநீர் விநியோகத்தைத் தனியாரிடம் விடலாமா என்று மக்கள் முன்னால் விவாதம் நடத்தப் போகிறோம். நாங்கள் எல்லோருமே ‘கூடாது’ கட்சி. எதிர்த்துப் பேச ஆளே கிடைக்கவில்லையே? – கல்லூரி மாணவி ஒருவர்

பதில்: ஆள் கிடைக்கவில்லை என்றாலே விஷயத்தை இன்னும் முழுசாகப் படிக்கவில்லை என்றுதான் அர்த்தம், கோபித்துக்கொள்ளாதீர்கள். எல்லோரும் இரண்டு பக்கத்தையும் படியுங்கள், யார் எந்தப் பக்கம் என்பதை முந்தின நாள் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். எந்தப் பக்கம் விழும் என்று தெரியாதவர்தான் இரண்டையும் ஒழுங்காகப் படிப்பார்.

உங்கள் தலைப்பையே பாருங்கள். பாரிஸ் மாநகராட்சி 2010-இல் குடிநீர் விநியோகத்தைத் தனியாரிடமிருந்து திரும்ப எடுத்துக்கொண்டது, மறு வருடமே கட்டணத்தை 8 சதவீதம் குறைத்தது. இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் சிலி நாட்டில் 1990-களின் கடைசியில் தனியார் நிறுவனங்கள் வந்த பிறகுதான் நகரங்களின் கழிவுநீரைச் சுத்திகரிக்கும் வேலை மளமளவென்று நடந்தது, கூடவே கட்டணமும் ஏறியது. இரண்டையும் ஒரே மேடையில் வைத்தால், யார் நடத்துவது என்ற சண்டை கொஞ்சம் தணிந்து, கட்டணத்தை யார் நிர்ணயிப்பது, தண்ணீர் வராவிட்டால் யாரைக் கேட்பது என்ற கேள்விகளுக்குப் பேச்சு நகரும். கேட்க வந்தவர்களுக்கு வேண்டியதும் அதுதான்.

அப்புறம், ஜெயித்தது யார் என்று அறிவிக்கவே வேண்டாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் 2010 முதல் சில பொது வாக்கெடுப்புகளுக்கு முன்னால், குலுக்கல் முறையில் எடுத்த இருபது சொச்சம் பேர் சில நாள் உட்கார்ந்து இரு தரப்பையும் விசாரித்து, முக்கியத் தகவல், ஆதரிக்கக் காரணம், எதிர்க்கக் காரணம் எல்லாவற்றையும் ஒரு பக்கத்தில் எழுதிக் கொடுத்தார்கள், அது வாக்காளர் கையேட்டில் அச்சாகி வீடுகளுக்குப் போனது. நீங்களும் அப்படி ஒரு பக்கம் எழுதி வாசலில் கொடுங்கள். கோப்பையை விட அது உருப்படியான காரியம்.

கேள்வி: இணையத்தில் கிடைக்கும் தகவலை நம்பலாமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? – அதே மாணவி

பதில்: அந்தத் தளத்திலேயே உட்கார்ந்து ஆராயாதீர்கள். ஸ்டான்ஃபோர்ட் ஆய்வாளர்கள் 2017-இல் கவனித்ததில், வரலாற்றுப் பேராசிரியர்கள்கூட அழகான தளத்தைப் பார்த்து ஏமாந்தார்கள். செய்தி சரிபார்ப்பவர்கள் மட்டும் உடனே வெளியே வந்து, இதை நடத்துவது யார் என்று வேறு இடங்களில் தேடினார்கள். முதலில் பணம் யாருடையது என்று பாருங்கள்.