மனு பார்க்கப் போவதற்கு முன்பும் பின்பும்

கேள்வி: பண்ருட்டி பக்கத்தில் முந்திரி உடைக்கும் பட்டறையில் வேலை செய்கிறேன். அடிதடி வழக்கு ஒன்றில் என் கணவர் மூன்று வாரமாகக் கடலூர் மத்திய சிறையில் ரிமாண்டில் இருக்கிறார். ஒரு முறை மனு போட்டுப் போய்ப் பார்த்தேன். பேசக் கிடைத்த கொஞ்ச நேரமும் வக்கீல் பணம், ஜாமீன் என்று சண்டையிலேயே போய்விட்டது. ஒவ்வொரு முறை போனாலும் ஒரு நாள் கூலி போகிறது. மாமியாருக்குச் சர்க்கரை, மலையேறி வர முடியாது. எட்டு வயது மகளிடம் அப்பா சிங்கப்பூர் போயிருக்கிறார் என்று சொல்லி வைத்திருக்கிறோம். உறவுக்காரர் ஒருவர் காலாப்பட்டு சிறையில் இருந்தவர். அவர் சொல்வது ஒன்று, இங்கே நடப்பது ஒன்றாக இருக்கிறது. எப்படித் தொடர்பில் இருப்பது? கடிதம் போடலாமா? மகளைக் கூட்டிப் போகலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, முதலில் அந்த உறவுக்காரர் விஷயத்தை முடித்துவிடலாம். காலாப்பட்டு மத்திய சிறை புதுச்சேரி அரசின் கீழ் இருக்கிறது. கேப்பர் மலையில் இருக்கும் கடலூர் மத்திய சிறை தமிழ்நாடு சிறைத்துறையின் கீழ் வருகிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு மணி நேர பஸ் பயணம்தான் என்றாலும் விதி வேறு, பார்க்கும் நாள் வேறு, பரோல் கொடுக்கும் முறையும் வேறு. எல்லையைத் தாண்டினால் சட்டம் மாறுவது இந்த ஊர்களுக்குப் புதிதல்ல. 1918 நவம்பரில் பிரெஞ்சுப் புதுச்சேரியை விட்டுக் கிளம்பிய பாரதியாரைப் பிரிட்டிஷ் போலீஸ் பிடித்து அடைத்து வைத்தது இதே கடலூர்ச் சிறையில்தான். உறவுக்காரர் நல்ல எண்ணத்தில்தான் சொல்கிறார். ஆனால் உங்களுக்குத் தேவை கடலூர் விவரம்.

அந்த விவரமும் உங்கள் கணவர் எந்த வகையில் உள்ளே இருக்கிறார் என்பதைப் பொறுத்தது. ரிமாண்டில் இருப்பவருக்கு ஆர்.பி. எண் கொடுத்திருப்பார்கள். தண்டனை பெற்றவருக்கு சி.டி. எண். இந்த எண்ணோடு வழக்கின் குற்ற எண், காவல் நிலையம், நீதிமன்றத்தின் பெயர் எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மனு போட, கடிதம் எழுத, பணம் கட்ட, இலவச வக்கீல் கேட்க என்று எதற்குப் போனாலும் முதலில் இதைத்தான் கேட்பார்கள். ஒரே பெயரில் பலர் இருக்கும் இடம் அது. அவருடைய அப்பா பெயரையும் சேர்த்தே எழுதுங்கள்.

ரிமாண்டில் இருப்பவர் இன்னும் குற்றவாளி என்று தீர்ப்பாகாதவர். 1894-ஆம் ஆண்டின் சிறைகள் சட்டம் அவரை அப்படித்தான் பார்க்கிறது. சொந்த உடுப்பு உடுத்தலாம், குடும்பத்தாரை உரிய நேரத்தில் பார்க்கலாம், வக்கீலோடு வேறு யாரும் கேட்காதபடி பேசலாம். ஒருவேளை விசாரணை இல்லாமலே தடுப்புக் காவலில் வைக்கும் குண்டர் சட்டம் போட்டால் நிலைமை மாறும். அப்போதும் குடும்பத்தைப் பார்க்கும் உரிமை போய்விடாது. தடுப்புக் காவலில் இருந்த ஒருவருக்கு மாதத்துக்கு ஒரு சந்திப்புதான் என்று டெல்லியில் இருந்த விதியை உச்ச நீதிமன்றம் 1981-இல் பிரான்சிஸ் கோராலி முல்லின் வழக்கில் ரத்து செய்தது. குடும்பத்தாரையும் நண்பர்களையும் சந்திப்பது அரசமைப்புச் சட்டத்தின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமைக்குள் அடங்கும் என்றது அந்தத் தீர்ப்பு. ஆகவே வாசலில் நிற்கும்போது ஏதோ தயவு கேட்டு நிற்பதுபோல் கூனிக் குறுக வேண்டாம். அதற்காகச் சட்டம் பேசிச் சண்டை போடவும் வேண்டாம். காவலர் கேட்டால் பெயர், முகவரி சொல்ல வேண்டும், சோதனைக்கும் உட்பட வேண்டும். மறுத்தால் உள்ளே விடாமல் இருக்க அதே சட்டம் அவர்களுக்கு இடம் தருகிறது.

இனி மனு பார்ப்பது, அதாவது உள்ளே இருப்பவரைப் போய்ச் சந்திப்பது. போகிற நாளை முன்கூட்டியே உறுதி செய்துகொண்டு கிளம்புங்கள். ஞாயிற்றுக்கிழமையிலும் அரசு விடுமுறையிலும் போய்த் திரும்பி வருபவர்களை நிறையப் பார்க்கிறேன். மத்திய அரசின் இ-பிரிசன்ஸ் இணையதளத்தில் சந்திப்புக்குப் பதிவு செய்ய இ-முலாகாத் என்று ஒரு பகுதி இருக்கிறது. உங்கள் பெயர், முகவரி, அடையாள அட்டை, கைபேசி எண், அவருடைய பெயர், அப்பா பெயர், சிறையின் பெயர் ஆகியவற்றைக் கொடுத்தால் ஓடிபி வரும். நேரில் பார்ப்பதா, வீடியோவில் பார்ப்பதா என்று அதிலேயே கேட்கும். நீங்கள் போட்டது சிறை நிர்வாகம் ஒப்புக்கொண்ட பிறகுதான் செல்லும். உங்கள் மாமியாருக்கு இந்த வீடியோ வழியை முயன்று பாருங்கள். இணையம் பழக்கமில்லை என்றால் பக்கத்து இ-சேவை மையத்திலோ, படிக்கிற பிள்ளை யாரிடமாவதோ உதவி கேளுங்கள். ஆதார் அட்டையின் அசலும் நகலும் கையில் இருக்கட்டும். கைபேசியை உள்ளே கொண்டுபோக முடியாது. யாராவது வாசலில் வந்து “இதைக் கொஞ்சம் உள்ளே அவனிடம் கொடுத்துடுங்க அக்கா” என்று பீடிக்கட்டு நீட்டினாலும் வாங்காதீர்கள். தடை செய்த பொருளைக் கொண்டுபோவது தனிக் குற்றம், மாட்டினால் நீங்களும் வழக்கில் நிற்பீர்கள்.

உள்ளே என்ன பேசுவது என்பதுதான் உங்கள் கேள்வியில் எனக்கு முக்கியமாகப் படுகிறது. அநேகமாக எல்லாக் குடும்பமும் முதல் சந்திப்பை வழக்கிலேயே செலவழிக்கிறது. நடுவில் கண்ணாடியோ கம்பி வலையோ இருக்கும். பக்கத்தில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அந்த இரைச்சலில் ஜாமீன் மனுவின் நுணுக்கத்தை விளக்க முடியாது, மற்றவர் காதிலும் விழும். வழக்கு விஷயம் வக்கீல் வழியாகப் போகட்டும். ரகசியமாகப் பேசும் உரிமை வக்கீலுக்குத்தான் இருக்கிறது. நீங்கள் மூன்றே விஷயத்தைக் குறித்துக்கொண்டு போங்கள்: வீட்டில் இப்போது என்ன நடக்கிறது, அவரிடம் கேட்டு முடிவு செய்ய வேண்டியது ஏதாவது ஒன்று, அடுத்து எப்போது வருவீர்கள். இரண்டாவதை விட்டுவிடாதீர்கள். பள்ளிக் கட்டணத்தை எந்தப் பணத்தில் கட்டுவது, அடகு வைத்த நகையை இப்போது மீட்பதா, கூரைக்குக் கீற்று மாற்றுவதா என்று எதையாவது கேளுங்கள். தன் சொல்லுக்கு வீட்டில் இன்னும் இடம் இருக்கிறது என்று அவருக்குத் தெரிய வேண்டும். உள்ளே இருப்பவரை மெல்லக் குலைப்பது தான் இல்லாமலே எல்லாம் நடந்துவிடுகிறது என்கிற நினைப்புதான்.

“அடுத்த வாரம் ஜாமீன் கிடைச்சிடும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். ஆறுதலுக்காகத்தான் எல்லோரும் சொல்கிறார்கள். அவர் நாளை எண்ணிக்கொண்டு உட்கார்ந்திருப்பார். அந்த நாள் தாண்டியதும் சாப்பிட மாட்டார், யாரிடமும் பேச மாட்டார், சின்ன விஷயத்துக்கு அடிதடியில் இறங்குவார். தெரிந்ததைச் சொல்லுங்கள்: ஜாமீன் மனு எந்தக் கோர்ட்டில் இருக்கிறது, அடுத்த வாய்தா எப்போது. அது போதும்.

கூலி போகிறது என்கிறீர்கள். எத்தனை முறை அனுமதி உண்டோ அத்தனை முறையும் போயாக வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. வாரா வாரம் வருகிறேன் என்று சொல்லி இரண்டு வாரம் விட்டுப்போவதைவிட, பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று சொல்லி அதைக் காப்பாற்றுவது மேல். நடுவில் ஒரு முறை அவருடைய தம்பியோ நண்பரோ போகட்டும். பதினைந்து நாள் என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நீதிமன்றக் காவலை ஒரு தடவைக்கு அதிகபட்சம் பதினைந்து நாள்தான் நீட்டிக்க முடியும். அந்த வாய்தாவுக்கு முன்னெல்லாம் கோர்ட்டுக்கு அழைத்து வருவார்கள், வராந்தாவில் நின்றாவது முகத்தைப் பார்க்கலாம். இப்போது பெரும்பாலும் வீடியோவிலேயே முடிந்துவிடுகிறது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த புதிய சட்டமான பிஎன்எஸ்எஸ்-இலும் அதற்கு இடம் இருக்கிறது. அதனால் கோர்ட்டில் பார்த்துக்கொள்ளலாம் என்று நம்பி மனுவைத் தள்ளிப் போடாதீர்கள்.

கடிதம் தாராளமாகப் போடலாம். இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று எல்லோரும் கைவிட்டுவிட்டார்கள். என் அனுபவத்தில் சிறைக்குள் கடிதத்துக்கு இருக்கும் மதிப்பு வேறு எதற்கும் இல்லை. மனு பத்துப் பதினைந்து நிமிடத்தில் முடிந்துவிடும், கடிதத்தை இரவு அறை பூட்டிய பிறகும் எடுத்துப் படிக்கலாம். இரண்டரை ரூபாய் இன்லேண்டு போதும். அவர் பெயர், அப்பா பெயர், ஆர்.பி. எண், மத்திய சிறை, கடலூர் என்று முன்பக்கம் தெளிவாக எழுதுங்கள். பின்பக்கம் உங்கள் முழு முகவரி இருக்க வேண்டும். பிரித்துப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார்கள் என்பதை மனதில் வைத்து எழுதுங்கள். வழக்கு, சாட்சி, எதிர்த்தரப்பு பற்றி ஒரு வரியும் வேண்டாம். “சாட்சியைப் பார்த்துப் பேசினோம்” என்று வெகுளியாக எழுதுவதுகூட ஜாமீனுக்கே வினையாக முடியும்.

எழுத என்ன இருக்கிறது என்று தோன்றலாம். நாள் வாரியாக எழுதுங்கள். திங்கள்கிழமை பட்டறையில் என்ன நடந்தது, பலா எத்தனை பிஞ்சு விட்டிருக்கிறது, மாமியாரின் சர்க்கரை அளவு எவ்வளவு, எதிர்வீட்டுக் கல்யாணத்துக்கு யார் யார் வந்தார்கள். பெரிய ஆறுதல் வாசகங்களை விட இந்த மாதிரிச் சங்கதிகளையே திரும்பத் திரும்பப் படிப்பார்கள். கடிதங்களுக்கு எண் போடுங்கள், ஒன்று, இரண்டு, மூன்று என்று. எது போய்ச் சேரவில்லை என்பது அடுத்த மனுவில் தெரிந்துவிடும். அவர் எழுதப் படிக்கத் தயங்குபவர் என்றால், உள்ளே நல அலுவலர் இருக்கிறார், படித்துச் சொல்லவும் எழுதித் தரவும் சக சிறைவாசிகள் இருக்கிறார்கள். புத்தகம் படிப்பவராக இருந்தால் சிறை நூலகத்தைக் கேட்கச் சொல்லுங்கள். புத்தகக் கண்காட்சிகளில் ‘கூண்டுக்குள் வானம்’ என்ற அரங்கு போட்டு வாசகர்களிடம் நூல்கள் வாங்கிச் சிறைகளுக்குக் கொண்டுபோகிறது நம் சிறைத்துறை. ஒரே புத்தகத்தை அவர் உள்ளேயும் நீங்கள் வெளியேயும் படித்துக் கடிதத்தில் பேசிக்கொள்ளலாம். இது கொஞ்சம் அதிகப்படியான ஆசை என்று பட்டால் விட்டுவிடுங்கள்.

தொலைபேசி சுருக்கமாக. உள்ளேயிருந்து பேசும் வசதி மத்திய சிறையில் உண்டு. யார் யாருடைய எண்ணுக்குப் பேச வேண்டும் என்று அவர்தான் உள்ளே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், அந்த எண் யாருடையது என்று சரிபார்ப்பார்கள். ஆகையால் உங்கள் பெயரில் உள்ள சிம்மின் எண்ணைக் கொடுங்கள். அப்புறம் தெரியாத எண் என்று கட் செய்யாதீர்கள். அதே சமயம், “உங்கள் வீட்டுக்காரருக்கு உடம்பு சரியில்லை, உடனே ஜீபேயில் ஐயாயிரம் போடுங்கள்” என்று யாராவது அழைத்தால் அது மோசடி என்றே எடுத்துக்கொண்டு நேரே சிறை அலுவலகத்தில் விசாரியுங்கள். உள்ளே கள்ளத்தனமாக வந்த செல்போனிலிருந்து அவரே பேசினாலும் பேச்சை வளர்க்காதீர்கள், ரீசார்ஜ் செய்து தராதீர்கள். அந்த எண்ணின் அழைப்புப் பட்டியலை எடுத்தால் முதலில் வருவது உங்கள் எண்ணாகத்தான் இருக்கும்.

மகள் விஷயத்தில் என் கருத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சிங்கப்பூர்க் கதை நீடிக்காது. ஊரில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் பள்ளிக்கூட வேனில் ஒரு நாள் அவள் காதில் விழும். அப்போது அப்பா உள்ளே இருப்பதைவிட அம்மா பொய் சொன்னதுதான் அவளுக்குப் பெரிதாக வலிக்கும். எட்டு வயதுக்குத் தாங்குகிற அளவில் சொல்லுங்கள்: “அப்பா ஒரு சண்டையில் மாட்டிக்கொண்டார். நடந்தது என்ன என்று ஜட்ஜ் விசாரிக்கிறார். அதுவரை அப்பா ஓர் இடத்தில் இருக்க வேண்டும், வெளியே வர முடியாது. உன் மேல் எந்தக் கோபமும் இல்லை.” அந்தக் கடைசி வாக்கியம் அவசியம், பிள்ளைகள் தங்களால்தான் இப்படி ஆனது என்று நினைத்துக்கொள்வார்கள். கூட்டிப் போவதை உடனே செய்ய வேண்டாம். முதலில் அவள் ஒரு படம் வரைந்து உங்கள் கடிதத்தோடு அனுப்பட்டும், அவரும் பதில் எழுதட்டும். பிறகு அவளே கேட்டால், பள்ளி விடுமுறையில் ஒரு நாள் கூட்டிப் போங்கள். தடுப்பு இருக்கும், அப்பா தூக்கிக்கொள்ள முடியாது, சத்தமாக இருக்கும் என்று முன்பே சொல்லிவிடுங்கள். அவரிடமும் சொல்லுங்கள், மகள் முன்னால் அழுதாலும் பரவாயில்லை, வழக்குப் பேச்சை எடுக்கக் கூடாது என்று.

பணம் அவர் கணக்கில் கட்டினால் உள்ளே கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கொள்வார். கட்டும் முறையைச் சிறை அலுவலகத்திலேயே கேட்டு, ரசீது வாங்குங்கள். வாசலில் நிற்கும் யாரிடமும் கொடுக்காதீர்கள். அவருக்கு வலிப்பு, ஆஸ்துமா போல ஏதாவது இருந்தால் பழைய மருந்துச் சீட்டின் நகலைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனுவோடு கொடுத்து, சிறை மருத்துவரிடம் சேர்க்கச் சொல்லுங்கள். மாத்திரையை நீங்களாகக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள்.

வக்கீல் பணம் பற்றிச் சண்டை என்றீர்களே, அதற்கு ஒரு வழி இருக்கிறது. 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணையச் சட்டப்படி, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் எவ்வளவு என்று பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு. கடலூர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் நீங்களும் கேட்கலாம், உள்ளேயிருந்து அவரும் எழுதிக் கொடுக்கலாம். 15100 என்ற எண்ணில் அழைத்தும் வழி கேட்கலாம். வக்கீலிடம் இன்னொன்றையும் கேட்டு வையுங்கள்: இந்த வழக்கில் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்ய 60 நாளா, 90 நாளா? சுமத்தியிருக்கும் பிரிவைப் பொறுத்து அது மாறும். கெடு முடிந்தும் தாக்கல் செய்யவில்லை என்றால் ஜாமீன் கேட்பது அவருடைய உரிமை, ஆனால் தாக்கல் ஆவதற்குள் கேட்டுவிட வேண்டும்.

மாமியாருக்கு உடம்பு மோசமானால் என்ன செய்வது என்ற பயம் உங்கள் எழுத்தில் தெரிகிறது. தமிழ்நாட்டு விதிகளில் உள்ள அவசர விடுப்பு தண்டனை பெற்றவர்களுக்கானது. ரிமாண்டில் இருப்பவருக்கு அது பொருந்தாது, நீதிமன்றத்தில்தான் இடைக்கால ஜாமீனோ, போலீஸ் காவலோடு வந்துபோக அனுமதியோ கேட்க வேண்டும். மாமியாரின் மருத்துவச் சான்றுகள், ஆஸ்பத்திரி அட்டை, கணவர் அவருக்கு மகன் என்று காட்டும் குடும்ப அட்டையின் நகல் மூன்றையும் இப்போதே ஓர் உறையில் போட்டு, ஒரு செட்டை வக்கீலிடமும் கொடுத்து வையுங்கள்.